தாங்கிப் படைஞரின் பயிற்சியும் பதவி வளர்ச்சியும்: பிரித்தானிய அனுபவம், 1916 – 1945

போர்த்தாங்கியின் பெயர் ஓர் இரகசியத்திற் பிறந்த பெயராகும். முதலாம் உலகப்போரின்போது இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையொன்றில் இவ்வாகனம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், அஃது இன்னதென்பது பகைவருக்குத் தெரிந்துவிடாதிருக்கும்பொருட்டு, நீரைத் தேக்கிக் கொண்டுசெல்லும் கலத்தைக் குறிக்கும் சொல்லையே அதற்கும் இட்டு வழங்கினர். நீர்த்தாங்கி என்பதிலும் யுத்ததாங்கி என்பதிலும் ஒரே சொல் நிற்பதன் பின்னணி இதுவேயாகும்.

இவ்வாகனத்தின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பல. அதன் கவசத்தின் தடிப்பு, பீரங்கியின் வாய் அகலம், இயந்திரத்தின் வலு ஆகியன அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆயின், அதனுள் அமர்ந்து அதனை இயக்கிய மனிதர் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டனர், யாது கற்பிக்கப்பெற்றனர், கற்ற தொழிலைக் கொண்டு படையில் எவ்வளவு உயரத்தை எட்ட முடிந்தது என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெறவில்லை. படை என்பது ஒரு சமுதாயத்தின் நிழல். அங்கே யார் கற்கலாம், யார் உயரலாம் என்பதை விதிப்பவை போர்க்களத் தேவைகள் மட்டுமல்ல, அச்சமுதாயத்தின் மதிப்பீடுகளுமாகும். போர்த்தாங்கியை முதன்முதலாகப் போரில் இறக்கிய பிரித்தானியத் தரைப்படையின் அனுபவத்தை 1916 முதல் 1945 வரை நோக்கும்போது இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகின்றது. புதிய தொழிலொன்றைச் சில திங்கள்களில் உருவாக்கிய அப்படை, அத்தொழிலைக் கற்றவனுக்கு உரிய ஏணியைச் சமைத்துக் கொடுக்க ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டது.

எண்மர் இயக்கிய இயந்திரம்

1916ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹற்பீல்ட் பூங்காவில் முதலாவது தாங்கியின் ஓட்டம் அமைச்சர்கள் முன்னிலையில் பரீட்சிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, அவ்வாகனங்களுக்குரிய ஆட்களைத் திரட்டும் பொறுப்பு ஏணஸ்ற் சுவின்ரனிடம் ஒப்படைக்கப்பட்டது. பொருளின் இரகசியம் கருதி, இயந்திரத் துப்பாக்கிப் படையின் 'கனரகப் பகுதி' என்னும் பெயரிலேயே இப்புதிய அணி அமைக்கப்பெற்றது.

எத்தகையோர் இதற்கு வேண்டியிருந்தனர்? குதிரையேற்றத்தில் வல்லவரோ, அணிவகுப்பிற் சிறந்தவரோ அல்லர். மோட்டார் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் கோளாற்றை அறியக்கூடியவர்கள் வேண்டியிருந்தனர். ஆகவே மோட்டார் சைக்கிள் பத்திரிகையொன்றின் ஆசிரியரான ஜெப்ரி சிமித் என்பவரின் துணையுடன், மோட்டார்த் தொழிலில் ஈடுபட்டிருந்த இளைஞர்கள் தேடிச் சேர்க்கப்பட்டனர். சாரதிகள் பலர் படையின் போக்குவரத்துச் சேவையிலிருந்து பெறப்பட்டனர். ஆதலால், தொடக்கத்திலேயே இப்படை பட்டறையின் வாசனையோடு பிறந்தது எனலாம்.

முதலாவது வகைத் தாங்கி ஏறத்தாழ 28 தொன் நிறையுடையது. அதனுள் எண்மர் இருந்தனர். அவர்களுள் நால்வர் வாகனத்தைச் செலுத்துவதற்கே தேவைப்பட்டனர் என்பது நோக்கத்தக்கது. சாரதி ஒருவர், அவரருகே அமர்ந்து தடுப்புக் கருவிகளை இயக்கும் கட்டளை அதிகாரி ஒருவர், வலப்புறச் சங்கிலிப் பட்டைக்கும் இடப்புறச் சங்கிலிப் பட்டைக்கும் தனித்தனியே கியர் மாற்றும் இருவர். வாகனத்தைத் திருப்புவதற்குச் சாரதி முதலில் அதனை நிறுத்தல் வேண்டும். பின்னர் கியர் மாற்றுவோருக்குச் சைகை செய்து, ஒரு பட்டையை ஓயவிட்டு மற்றதை ஓடவிடல் வேண்டும். 105 பரிவலுக்கொண்ட இயந்திரம் அவர்களுக்கு நடுவே மறைப்பின்றி இரைந்துகொண்டிருந்தமையால் வாய்ச்சொல் பயன்படவில்லை. இயந்திரத்தின் மூடியிற் சுத்தியலால் தட்டும் ஒலியும் கைச்சைகையுமே அவர்களின் மொழியாயின. புகையும் வெம்மையும் மிகுந்து, சில மணி நேரத்தில் மயக்கமுற்று விழுந்தோரும் உளர். பகைவரின் துப்பாக்கிக் குண்டுகள் கவசத்தில் மோதும்போது உட்புறத்தே தெறிக்கும் உலோகத் துகள்களிலிருந்து கண்களைக் காக்கச் சங்கிலி தொங்கும் முகமூடி அணிந்தனர்.

இந்நிலையில், எண்மருள் ஒருவர் தன் தொழிலிற் பிழை விட்டாலும் ஏனைய எழுவரும் அசையாத இரும்புப் பெட்டியொன்றினுள் அகப்பட்டோராவர். காலாட்படையில் ஒருவன் தளர்ந்தால் அணி நகர்ந்து செல்லும். தாங்கியில் அவ்வாறில்லை. தனித்தனித் தொழிற்றிறனும், அத்திறன்களை ஒன்றாகப் பிணைக்கும் குழுப்பயிற்சியும் ஒருங்கே இன்றியமையாதனவாயின. பின்னாளில் உலகின் கவசப்படைகள் யாவும் மேற்கொண்ட பயிற்சிமுறையின் வித்து இதுவேயாகும்.

பயிற்சிக்களங்களும் போர்க்களமும்

தொடக்கப் பயிற்சி பிஸ்லியில் நடைபெற்றது. பின்னர் கிழக்கிங்கிலாந்தின் எல்வ்டன் பண்ணைப் பெருநிலத்தில் வெளியார் எவரும் அணுகாவண்ணம் காவலிட்டு, பிரான்சின் போர்முனையை ஒத்த பதுங்குகுழிகளை வெட்டி, அவற்றைக் கடக்கும் பயிற்சி அளிக்கப்பெற்றது. தாங்கியிற் பொருத்தப்பட்ட பீரங்கி கடற்படைக்குரியதாகையால், பீரங்கியாளர்கள் போட்ஸ்மத் துறைமுகத்திலுள்ள கடற்படைச் சூட்டுப் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். தரைப்படை வீரர் கடற்படையாசிரியரிடம் பாடங்கேட்ட இந்நிகழ்வு, புதிய தொழிலுக்குப் பழைய எல்லைகள் பொருந்தவில்லை என்பதற்குச் சான்றாகும்.

எனினும் காலம் போதவில்லை. 1916 ஆகஸ்டில் முதலிரு கம்பனிகள் பிரான்சுக்கு அனுப்பப்பட்டன. செப்டெம்பர் 15ஆம் நாள் சோம் போர்முனையில், பிளேர் என்னும் கிராமத்தையண்டி, தாங்கிகள் முதன்முறையாகப் போரில் இறங்கின. கைவசமிருந்த 49 தாங்கிகளுள் 32 மட்டுமே தாக்குதல் தொடங்கும் இடத்தை வந்தடைந்தன. எஞ்சியவை இயந்திரக் கோளாற்றாலும் சேற்றிற் புதைந்தும் வழியிலேயே நின்றன. காலாட்படையினருடன் சேர்ந்து பயின்ற அனுபவமும் குழுவினருக்குப் பெரும்பாலும் இருக்கவில்லை.

இக்குறைகளை உணர்ந்ததன் பயனாக, 1916ஆம் ஆண்டின் இறுதியில் டோசெற் மாவட்டத்தின் பொவிங்ரன் என்னும் இடத்தில் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. அண்மையிலுள்ள லல்வேர்த் கடற்கரையில் சூட்டுப்பயிற்சி நடந்தது. 1917 ஜூலையில் இவ்வணி 'தாங்கிப்படை' என்ற தனிப்பெயர் பெற்றது. வாகனம் செலுத்தல், பழுது பார்த்தல், சூட்டுப்பயிற்சி, திசைகாட்டியைக் கொண்டு வழியறிதல், செய்தி கொண்டு செல்லும் புறாக்களைக் கையாளல் என்பன பாடங்களாயின.

இப்பாடங்களுள் நிலத்தை அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதைக் கப்டன் கிளெமென்ற் றொபேட்சனின் வரலாறு காட்டும். போருக்கு முன்னர் எகிப்தின் நீர்ப்பாசனத் துறையிற் பணியாற்றிய பொறியியலாளர் அவர். 1917 செப்டெம்பர் இறுதியிலிருந்து பல நாள்களாக, பெல்ஜியத்தின் சேற்று நிலத்தில், தன் தாங்கிகள் செல்லவேண்டிய வழியைக் கால்நடையாகச் சென்று ஆராய்ந்து நாடாக்களால் அடையாளமிட்டார். ஒக்டோபர் 4ஆம் நாள் தாக்குதலின்போது, தாங்கிகள் வழி தவறாதிருக்கும்பொருட்டுத் தாமே குண்டுமழைக்குள் அவற்றின் முன்னே நடந்து சென்று உயிர் நீத்தார். தாங்கிப்படைக்குக் கிடைத்த முதலாவது விக்ரோறியாச் சிலுவை அவருக்குரியது. அவருடன் நடந்த சாதாரண படைவீரரான சிரில் அலன் வேறொரு வீரப்பதக்கம் பெற்றார். ஏழு வாரங்களின் பின் காம்பிறேயில் மாண்டார்.

காம்பிறேயில் 1917 நவம்பர் 20ஆம் நாள் 476 தாங்கிகள் திரட்டப்பட்டன. பகைவரின் பதுங்குகுழி வரிசை ஒரே நாளில் உடைந்தது. ஆயினும் அந்நாளில் 179 தாங்கிகள் செயலிழந்தன. அவற்றுள் பகைவரின் தாக்குதலால் அழிந்தவை 65 மட்டுமே. 71 தாங்கிகள் இயந்திரக் கோளாற்றால் நின்றன. 43 தாங்கிகள் பள்ளங்களில் வீழ்ந்து அகப்பட்டன. அதாவது, இழப்பின் பெரும்பகுதி பகைவனால் வந்ததன்று. இயந்திரத்தின் குறைபாடும் நிலத்தின் கடுமையும் இதற்குக் காரணமென்பது மெய்யே. ஆயினும், சாரதியின் கைத்திறனும் பழுது பார்ப்பவனின் அறிவும் வீரத்தோடு ஒப்ப மதிக்கத்தக்கன என்பதை இவ்வெண்கள் எவ்வித அலங்காரமுமின்றி உணர்த்துகின்றன.

1918இல் வந்த ஐந்தாவது வகைத் தாங்கியில், வோல்ரர் வில்சன் வகுத்த புதிய கியர் அமைப்பின் பயனாக, சாரதி ஒருவரே வாகனத்தைச் செலுத்த முடிந்தது. நால்வரின் தொழில் ஒருவரின் தொழிலாயிற்று. இயந்திரம் மாறும்போது தொழிற்பங்கீடும், அதனோடு பயிற்சியும் மாறவேண்டும் என்னும் நியதியை இம்மாற்றம் முதன்முறையாக வெளிப்படுத்தியது.

போரின் பின் வந்த தேக்கம்

போர் முடிந்ததும் தாங்கிப்படை விரைவாகச் சுருங்கியது. 1923இல் அரச விருதுப்பெயரோடு நிரந்தரப் படையாக அது ஏற்கப்பட்டபோது, நான்கு பற்றாலியன்களும் சில கவசக்கார்க் கம்பனிகளுமே எஞ்சியிருந்தன. மறு ஆண்டு கறுப்புத் தொப்பி அதன் அடையாளமாயிற்று. தாங்கியினுள் படியும் எண்ணெய்க்கறை தெரியாதிருக்க இந்நிறமே ஏற்றது என்பது இத்தெரிவுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஏனைய படையணிகள் நூற்றாண்டுகால வெற்றிகளைச் சின்னங்களிற் பொறித்திருந்தபோது, எண்ணெய்க்கறையைக் கணக்கிலெடுத்துச் சீருடை வகுத்த படை இதுவாகும்.

பயிற்சியைப் பொறுத்தவரை இக்காலம் வீணாகவில்லை. பொவிங்ரனில் செலுத்தலுக்கும் பராமரிப்புக்கும் ஒரு பாடசாலை, லல்வேர்த்தில் சூட்டுக்கலைக்கு ஒரு பாடசாலை என்றவாறு முறையான கல்வி ஒழுங்கு வேரூன்றியது. புதிதாகச் சேர்ந்தவன் பொதுப்பயிற்சி முடித்து, சாரதியாகவோ பீரங்கியாளனாகவோ தேர்ச்சி பெற்று, பின்னர் மற்றத் தொழிலையும் கற்று, தாங்கியொன்றின் கட்டளையாளனாக உயர்வது படிமுறையாயிற்று. சாதாரண வீரன் சார்ஜன்ட் தரத்தை அடைந்து தாங்கிக்குத் தலைமை தாங்க முடிந்தது.

ஆனால் அதிகாரி வகுப்பினரின் நிலை வேறாயிருந்தது. சின்னஞ்சிறு படையிற் பதவி உயர்வு அரிது. அதற்கு மேலாக, படையின் உயர்மட்டத்திற் செல்வாக்குப் பெற்றிருந்தவை பழைய காலாட்படையணிகளும் குதிரைப்படையணிகளுமே. குதிரைப்படையின் அதிகாரி பெரும்பாலும் நிலக்கிழார் குடும்பத்தவர். வேட்டையும் போலோ ஆட்டமும் அவரது வாழ்க்கையோடு ஒன்றியவை. அச்சூழலில், எண்ணெய் படிந்த கையுறையோடு இயந்திரத்தின் அடியிற் கிடக்கும் அதிகாரி ஒரு கைத்தொழிலாளனாகவே நோக்கப்பட்டார்.

தாங்கிப்படையின் போர்க்காலத் திட்டங்களை வகுத்தோருள் முதன்மையான ஜே. எப். சி. புல்லரின் அனுபவம் இங்கு கருதத்தக்கது. 1927இல் சோல்ஸ்பரிச் சமவெளியில் இயந்திரமயப் பரிசோதனைப் படையொன்று அமைக்கப்பட்டபோது அதன் தலைமை அவருக்கே அளிக்கப்பட இருந்தது. ஆயின் அப்பதவியோடு காவல்நிலைய நிருவாகக் கடமைகளும் இணைக்கப்பட்டிருந்தமையால் முழுக்கவனமும் செலுத்த முடியாதெனக் கூறி அவர் அதனை ஏற்கவில்லை. அவருடைய கடுஞ்சொல்லும் பிடிவாதமும் அவருக்கே பகையாயின என்பதும் உண்மையே. 1933இல் அவர் ஓய்வுபெற்றோர் பட்டியலிற் சேர்க்கப்பட்டார். பரிசோதனைப் படையும் 1928இல் கலைக்கப்பட்டது.

குதிரையா, இயந்திரமா?

1928ஆம் ஆண்டு மற்றொரு தீர்மானத்தாலும் குறிப்பிடத்தக்கது. 11ஆவது ஹுசார், 12ஆவது லான்சர் ஆகிய இரு குதிரைப்படையணிகள் குதிரையைக் கைவிட்டுக் கவசக்கார்களை ஏற்குமாறு பணிக்கப்பட்டன. இவையிரண்டுமே முன்னோடிகள். ஏனைய படையணிகள் மேலும் பல ஆண்டுகள் குதிரையோடிருந்தன. 1936இல் பாராளுமன்றத்தில் படைச் செலவின மதிப்பீட்டைச் சமர்ப்பித்த யுத்த அமைச்சர் டவ் கூப்பர், எட்டுக் குதிரைப்படையணிகளை இயந்திரமயமாக்கும் முடிவை அறிவிக்கையில் ஏறக்குறைய மன்னிப்புக் கோரும் தொனியிற் பேசினார். தேர்ந்த இசைவாணனொருவனிடம் வயலினை எறிந்துவிட்டு இசைத்தட்டுப் பெட்டியை இயக்கு என்று கேட்பதற்கு அவர் அதனை ஒப்பிட்டார். இவ்வுவமை அக்கால மனப்பாங்கைப் படம்பிடித்துக் காட்டுகின்றது. குதிரையேற்றம் கலை, தாங்கி ஓட்டுதல் விசையை அழுத்தும் வேலை. இவ்வாறு கருதிய மேல்மட்டம், தாங்கிப் படைஞனின் தொழிலுக்கு ஆண்டுக்கணக்கான கல்வி வேண்டும் என்பதை எங்ஙனம் உணரும்?

இங்கு ஒரு தெரிவு இருந்தது. பதினைந்து ஆண்டுகளாகத் தொழில் கற்ற தாங்கிப்படையை விரிவாக்கி, அதன் சார்ஜன்ட்களையும் இளம் அதிகாரிகளையும் புதிய அணிகளுக்கு ஆசிரியராகவும் தலைவராகவும் ஆக்குவது ஒரு வழி. குதிரைப்படையணிகளை அவற்றின் பெயரோடும் அதிகாரிகளோடும் அப்படியே வைத்துக்கொண்டு, குதிரைக்குப் பதிலாகத் தாங்கியைக் கொடுப்பது மற்றொரு வழி. யுத்த அலுவலகம் பெரும்பாலும் இரண்டாவது வழியையே தெரிந்தது. 1937இல் முதலாவது நகர்வுப் படைப்பிரிவுக்குத் தலைவர் தேடியபோது, தாங்கிப்படை அதிகாரியா குதிரைப்படை அதிகாரியா என்ற இழுபறியின் முடிவில் பீரங்கிப்படையைச் சேர்ந்த அலன் புறூக் நியமிக்கப்பட்டார். 1939 ஏப்ரில் 4ஆம் நாள் தாங்கிப்படையும் இயந்திரமயமான குதிரைப்படையணிகளும் 'அரச கவசப்படை' என்ற ஒரே அமைப்பினுள் இணைக்கப்பட்டன. பெயரில் இணைந்தனவே தவிர, பண்பாட்டில் இணைவதற்கு மேலும் காலம் எடுத்தது.

தாங்கியினுள் தொழிற்பங்கீடு

இதே காலத்தில் ஏனைய நாடுகள் தாங்கியினுள் மனிதரை எவ்வாறு அமர்த்தின என்பதை ஒப்புநோக்குதல் பயன் தரும். பிரெஞ்சுத் தாங்கிகளுட் பலவற்றில் சுழல்கோபுரத்தினுள் ஒருவரே இருந்தார். கட்டளையிடுவதும், குண்டு நிரப்புவதும், குறிபார்ப்பதும், சுடுவதும் அவருடைய வேலையாகவே இருந்தன. அவர் சுடும்போது களத்தைக் காணமாட்டார். களத்தைக் காணும்போது சுடமாட்டார். எத்துணை பயிற்சியும் இக்குறையை ஈடுசெய்ய இயலாது.

ஜேர்மனியோ 1919இன் வேர்சாய் உடன்படிக்கையால் தாங்கி வைத்திருக்கும் உரிமையை இழந்திருந்தது. அது சோவியத் ஒன்றியத்தோடு இரகசிய உடன்பாடு செய்து, கசான் நகருக்கு அருகே 1929 முதல் 1933 வரை பயிற்சிப் பாடசாலையொன்றை நடத்தியது. வாகனங்கள் சிலவே. ஆயினும் அங்கு பயின்றோர் பிற்காலப் படைக்கு ஆசிரியராயினர். வாகனம் பெருகுமுன் ஆசிரியரை உருவாக்கியமை அவர்களின் முன்யோசனையாகும். முதலாம் உலகப்போரில் வானொலித் தொடர்புப் பிரிவிற் பணியாற்றிய குடேரியன், ஒவ்வொரு தாங்கியிலும் வானொலி வேண்டுமென வற்புறுத்தினார். ஜேர்மனியின் மூன்றாவது வகைத் தாங்கியில் ஐவர் இருந்தனர். கட்டளையாளர் கட்டளையிடுவதை மட்டுமே செய்தார்.

பிரித்தானியரும் இதனை அறியாதவரல்லர். 1931இல் சாள்ஸ் புறோட் என்ற தாங்கிப்படை அதிகாரி ஒரு பிரிகேட் முழுவதையும் வானொலி வழியே இயக்கிக் காட்டினார். 1934இல் நிரந்தரத் தாங்கிப் பிரிகேட்டின் தலைமையை ஏற்ற பேர்சி ஹோபார்ட் அப்பயிற்சியை மேலும் செம்மையாக்கினார். அறிவு இருந்தது, அறிந்தவரும் இருந்தனர். ஆனால் அவ்வறிவு படை முழுவதற்கும் பரவ வழி திறக்கப்படவில்லை.

போர் கற்பித்த பாடம்

1940 மே மாதத்தில் பிரான்சுக்கு விரைந்து அனுப்பப்பட்ட முதலாவது கவசப்படைப்பிரிவில், அண்மையிலேயே குதிரையை விட்ட அணிகள் பல இருந்தன. அவை புதிய தாங்கிகளோடு போதிய பழக்கமின்றி, கருவிகள் சிலவும் குறைந்த நிலையிற் களமிறங்கின. மே 27ஆம் நாள் அபெவில் நகரை அண்டிய தாக்குதலில் பேரிழப்பைச் சந்தித்தன. இதற்கு அவ்வீரர்களின் குலமோ துணிவின்மையோ காரணமன்று. காலமே காரணம். இதனை உறுதிப்படுத்துவது 11ஆவது ஹுசாரின் வரலாறு. அதுவும் குதிரைப்படையணியே. ஆயின் 1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் கவசக்காரோடு வாழ்ந்த அணி அது. 1940 ஜூனில் லிபிய எல்லையைக் கடந்த நாள் முதல் வடஆபிரிக்கப் பாலைவனத்தில் அதன் வேவுத்திறன் பெரிதும் போற்றப்பட்டது. 1941 பெப்ரவரியில் பின்வாங்கிய இத்தாலியப் பத்தாவது படையின் பாதையை பேடா பொம் என்னுமிடத்தில் மறித்த அணிக்குத் தலைமை தாங்கியவர் அதன் கட்டளை அதிகாரி ஜோன் கோம்ப் ஆவார். ஆகவே, குதிரைப்படையானுக்குத் தாங்கித்தொழில் வராது என்பது தவறு. கற்கக் காலமும் மதிப்பும் அளிக்கப்படாத எவனுக்கும் அத்தொழில் வராது என்பதே சரி.

தோல்விகள் யாவற்றையும் பயிற்சியின்மேற் சுமத்துவதும் பொருந்தாது. பிரித்தானியத் தாங்கிகளின் இரண்டு இறாத்தற் பீரங்கிக்கு வெடித்துச் சிதறும் குண்டு வழங்கப்படாமை, இயந்திரங்களின் நம்பகமின்மை ஆகிய குறைகளைக் குழுவினரின் திறமை ஓரளவே ஈடுசெய்திருக்க முடியும். எனினும், மனிதரைத் தெரிவு செய்யும் முறையிலேயே பிழையிருந்தது என்பதைப் போரின் நடுவே அரசு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

வில்லியம் பெவறிட்ஜின் தலைமையில் அமைந்த குழுவொன்று, படைகளிலுள்ள தொழிற்றிறனாளர் எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றனர் என்பதை ஆராய்ந்தது. பொறியியற் கைவினைஞர் பலர் தம் தொழிலுக்குத் தொடர்பற்ற வேலைகளில் வீணாக்கப்படுவதை அது எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1942 ஒக்டோபரில் மின், இயந்திரப் பொறியியலுக்கென அரச பொறியியற் படை தனியே அமைந்தது. தாங்கி திருத்துபவனுக்குத் தனிப்பயிற்சியும் தனிப்பதவிப் படிகளும் இதனாற் கிடைத்தன.

அதே ஆண்டு ஜூலையிலிருந்து, படையில் புதிதாகச் சேர்ந்தோர் நேரடியாகப் படையணிகளுக்கு அனுப்பப்படவில்லை. முதல் ஆறு வாரங்கள் பொதுப்பயிற்சி பெற்றனர். அக்காலத்தில் அறிவாற்றல், இயந்திர அறிவு, கைத்திறன் ஆகியவற்றைச் சோதிக்கும் பரீட்சைகள் நடத்தப்பட்டு, அவற்றின் பெறுபேற்றின்படி பிரிவுகளுக்கு ஒதுக்கப்பட்டனர். கவசப்படைக்கு ஒதுக்கப்பட்டவன் பயிற்சி அணியிற் சேர்ந்து சாரதி, பீரங்கியாளன், வானொலி இயக்குநன் என்பனவற்றுள் ஒரு தொழிலிற் சிறப்புத் தேர்ச்சி பெற்றான். அக்காலத் தாங்கிகள் பலவற்றில் குண்டு நிரப்புபவனே வானொலியையும் இயக்கினான். ஒருவன் வீழ்ந்தால் அவனிடத்தை மற்றவன் ஏற்கும்பொருட்டு இரண்டாவது தொழிலறிவும் வேண்டப்பட்டது.

அதிகாரித் தெரிவிலும் மாற்றம் வந்தது. கட்டளை அதிகாரியின் விதப்புரையும் குறுகிய நேர்முகமுமே அதுவரை ஒருவனின் விதியைத் தீர்மானித்தன. குடும்பமும் கற்ற பாடசாலையும் அங்கே திறமையினும் மேலாக நோக்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டுப் பாராளுமன்றத்திலும் எழுந்தது. சேர் றொனால்ட் அடம் படையாளணித் தலைவராயிருந்த காலத்தில், 1942இல், தெரிவுச் சபைகள் நிறுவப்பட்டன. விண்ணப்பகாரர் சில நாள்கள் ஒன்றாகத் தங்கி, குழுவாகத் தீர்க்கவேண்டிய செயன்முறைச் சிக்கல்களில் ஈடுபடுத்தப்பட்டனர். உளநூல் வல்லுநரும் அவர்களை அவதானித்தனர். 1916இல் பட்டறையிலிருந்து வந்த இளைஞன் தாங்கியைச் செலுத்தலாம் என்று ஏற்ற படை, அவன் அதற்குத் தலைமை தாங்கவும் தகுதியுடையவனா என்பதைப் பிறப்பைக் கொண்டன்றிச் சோதனையைக் கொண்டு முடிவு செய்ய 1942 வரை சென்றது.

ஹோபார்ட்டின் கதை

இவ்வரலாற்றின் முரண்பாடுகள் யாவும் ஒருங்கே திரண்ட வாழ்க்கை ஹோபார்ட்டினுடையது. 1904இல் பொறியியற் படையிற் சேர்ந்த அவர், 1923இல் தாங்கிப்படைக்கு விரும்பி மாறினார். 1938இல் எகிப்துக்கு அனுப்பப்பட்டு, அங்கு கைவசமிருந்த சிறு அணிகளைக் கொண்டு நகர்வுப் படைப்பிரிவொன்றைப் பயிற்றினார். மேலதிகாரிகளோடு இணங்கிப் போகாத இயல்பினர். 1939இல் பதவியிலிருந்து அகற்றப்பட்டு, 1940இல் ஓய்வு கொடுக்கப்பட்டார். பின்னர் சிப்பிங் கம்டன் என்னும் தம் ஊரில், உள்ளூர்க் காவற்படையில் லான்ஸ் கோப்ரலாகச் சேர்ந்தார். மேஜர் ஜெனரலாயிருந்தவர் அடிமட்டப் பதவியில் ஊர்க்காவல் செய்த அதே மாதங்களில், அவர் பயிற்றிய படைப்பிரிவு ஏழாவது கவசப்படைப்பிரிவு என்ற பெயரோடு வடஆபிரிக்காவில் இத்தாலியரை வென்றுகொண்டிருந்தது.

பிரதமர் சேர்ச்சிலின் தலையீட்டால் அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். 1941இல் பதினோராவது கவசப்படைப்பிரிவையும், பின்னர் எழுபத்தொன்பதாவது கவசப்படைப்பிரிவையும் உருவாக்கிப் பயிற்றினார். கண்ணிவெடிகளைச் சங்கிலியால் அடித்து வெடிக்கச் செய்யும் தாங்கி, நீரில் மிதந்து கரையேறும் தாங்கி, பாலம் சுமக்கும் தாங்கி என்பனவும் அவற்றுக்கெனத் தனிப்பயிற்சி பெற்ற குழுவினரும் 1944 ஜூன் 6ஆம் நாள் நோர்மண்டிக் கரையில் இறங்கினர். ஆற்றல் இறுதியில் பயன்பட்டது என்று இக்கதையைப் போற்றலாம். ஆனால் ஒரு பிரதமரின் தனிப்பட்ட தலையீடின்றி அவ்வாற்றல் ஊர்க்காவலிலேயே முடிந்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது. பேர்பெற்ற அதிகாரிக்கே இந்நிலையெனில், பிரதமரின் காதுக்குப் பெயர் எட்டாத சார்ஜன்ட்களும் கோப்ரல்களும் எத்துணைபேர் தம் அறிவோடு தேங்கியிருப்பர்?

முடிவுரை

பொவிங்ரன் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கவசப்படையின் கல்விக்கூடமாக நிலைத்துள்ளது. எண்மர் இருந்த இடத்தில் பிரித்தானியாவின் 'சலஞ்சர் 2' தாங்கியில் நால்வர் உள்ளனர். சாரதியாகத் தொடங்கிப் பீரங்கியாளனாகி, வானொலி கற்று, கட்டளையாளனாகும் படிமுறையின் அடிப்படை மாறவில்லை. ஏணியின் அடியில் நிற்க அனுமதிக்கப்பட்டோர் யார் என்பதே மாறியுள்ளது. 2016 வரை அத்தாங்கிக் குழுவிற் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. அவ்வாண்டிலேயே பிரித்தானியக் கவசப்படை அவர்களுக்குத் திறக்கப்பட்டது.

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிபு பெறப்படும். புதிய தொழிலொன்று தோன்றும்போது அதற்குப் பயிற்சியளிப்பது ஒப்பீட்டளவில் எளிது. எல்வ்டனின் காவலிட்ட நிலத்தில் அது சில திங்கள்களில் நிறைவேறியது. அத்தொழிலைக் கற்றவனைத் தலைமைக்கு உரியவனாக ஏற்பதே கடினம். ஏனெனில், அதற்குப் பழைய பெருமைகள் இடம் விட்டுக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு விட்டுக் கொடுக்காத ஆண்டுகளின் விலையை, அத்தீர்மானங்களை எடுத்தவர்கள் செலுத்தவில்லை. இயந்திர மூடியிற் சுத்தியலால் தட்டித் தம்முட் பேசிக்கொண்டவர்களின் வழிவந்தோரே, அபெவிலின் வயல்களிலும் பாலைவனத்து மணலிலும், இரும்புப் பெட்டிகளினுள் இருந்து அதனைச் செலுத்தினர். கற்றவனுக்குக் கதவைத் திறக்கத் தயங்கும் எந்த நிறுவனமும் இவ்வரலாற்றிலிருந்து தன் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.